டிசம்பரின் எண் 11

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். தெரிந்தவர் மண்டபம், காசு வாங்கவில்லை. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் காலையில் போன். "தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க ஜனவரி 31-க்குப் பதிவு பண்ணியிருக்காங்க. ரசீதுல பிப்ரவரி 3-ன்னு வருது. அன்னைக்கு முகூர்த்தமே கிடையாதேப்பா!"

அரைநாள் தேடினேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மாதங்களின் எண் 0-இல் தொடங்குகிறது. ஜனவரி 0, பிப்ரவரி 1, அப்படியே போய் டிசம்பர் 11. தேதிகளோ ஊர் வழக்கப்படி 1-இல்தான் தொடங்கும். இது தெரியாமல் நான் ஜனவரிக்கு 1 என்று எழுதிக் கொடுத்தேன். அது பிப்ரவரி என்று வாங்கிக்கொண்டது. மாதம் என்ன என்று திரும்பக் கேட்டபோது 1 என்றது. நான் ஜனவரி என்று அச்சிட்டேன். போகும்போது ஒரு தப்பு, வரும்போது ஒரு தப்பு. ஒன்றை ஒன்று மறைத்து, எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தெரிந்தது.

ஜனவரி 31 வந்தபோதுதான் குட்டு உடைந்தது. பிப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாது. 'அப்படி நாளே இல்லையே' என்று ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாது. பிப்ரவரியின் 28 நாள் போக மிச்சமிருந்த மூன்றை எடுத்துக்கொண்டு மார்ச் 3-இல் போய் உட்கார்ந்துகொண்டது. மார்ச்சின் எண் 2. நான் அதைப் பிப்ரவரி என்று படித்தேன். டிசம்பரில் ஒருமுறை சோதித்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். மார்கழியில் யார் கல்யாணம் வைக்கப்போகிறார்கள் என்று டிசம்பரை விட்டுவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். மாதம் 0-இல் தொடங்கும் என்று விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் இதே தப்பை ஒருமுறையாவது செய்யாத ஜாவாஸ்கிரிப்ட்காரர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. எல்லோரும் வழுக்கி விழுகிற படிக்கட்டு என்றால், விழுந்தவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டுப் படிக்கட்டைக் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம்.

ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை சொல்வதற்கான ஏற்பாட்டுக்குப் பெயர் ஏபிஐ. இதை விளக்கப் புகுந்தவர்கள் எல்லோரும் ஓட்டல் சர்வரைத் துணைக்கு அழைப்பார்கள். நீங்கள் கேட்கிறீர்கள், அவர் சமையலறைக்குப் போய்ச் சொல்லி வாங்கி வருகிறார் என்று போகும் அந்த உவமை. எனக்கு அது ஒத்துவருவதில்லை. சர்வர் மனிதர். 'ரெண்டு இட்லி, சட்னி கொஞ்சம் கெட்டியா' என்றால் புரிந்துகொள்வார். ஏபிஐக்கு அந்த அனுசரணை கிடையாது. ரயில் நிலையத்து முன்பதிவுப் படிவம்தான் அதன் நெருங்கிய சொந்தம். வண்டி எண் எந்தக் கட்டத்தில், தேதி எந்த வரிசையில், வயது எங்கே, எல்லாம் யாரோ எப்போதோ முடிவு செய்தவை. படிவத்தை வரைந்தவர் கவுன்டரில் இல்லை. நமக்கு எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்று அவர் அன்றே யோசித்திருந்தால் நாம் தப்பித்தோம். இல்லையென்றால் நாமாக ஊகித்து நிரப்ப வேண்டியதுதான். அந்த ஊகம் பலித்தால் நல்ல படிவம்.

ஜனவரிக்கு 0 என்று வைத்தவர் யார்? நூல் பிடித்துப் போனால் பெல் ஆய்வகத்தின் சி மொழி வரை போகிறது. மாதப் பெயர்களை ஒரு பட்டியலில் அடுக்கி வைத்து, மாத எண்ணைக் கொண்டு நேரே உருவிக்கொள்ளலாம். சி மொழியில் பட்டியல்கள் 0-இல் தொடங்கும். மாதமும் 0-இல் தொடங்கினால் ஒரு கழித்தல் மிச்சம். தேதிகளுக்குப் பெயர் இல்லை, பட்டியலும் வேண்டாம். அவை 1-லேயே நின்றுவிட்டன. ஜாவா மொழி இதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை உருவாக்கியபோது, பார்க்க ஜாவா போல இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தேதிச் சமாச்சாரமும் கூடவே வந்து சேர்ந்தது. ஜாவா 2014-இல் தன் எட்டாம் பதிப்பில் புதிய தேதி லைப்ரரி ஒன்றைக் கொண்டுவந்து மாதங்களை 1-இல் தொடங்கிவிட்டது. கடன் வாங்கியவர் வீட்டில் பழைய பாத்திரம் இன்னும் இருக்கிறது.

ஆக, உள்ளே இருந்தவருக்கு ஒரு கழித்தல் மிச்சம். வெளியே இருந்தவருக்கு ஒரு முகூர்த்தம் போயிற்று.

வெளியே இருப்பவரைப் பற்றிய கவலை இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டப்பட்ட இயந்திரம். நிரலைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்தி அதற்கு ஊட்ட வேண்டும். கணினி ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே வில்க்ஸுக்கு ஒரு ஞானம் பிறந்தது. துளையிடும் கருவிக்கும் கணினி அறைக்கும் இடையில் படியேறிக்கொண்டிருந்தபோது, தன் மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது உறைத்ததாகப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் எளிமையானது. ஒருமுறை ஒழுங்காக எழுதிச் சோதித்த துண்டுகளைச் சேர்த்து வைத்து எல்லோரும் எடுத்தாள்வது. அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் இந்த வேலையில் முன்னின்றார். லைப்ரரி என்று இன்று நாம் சொல்வது அன்று உவமையே இல்லை. நிஜமான இரும்பு அலமாரி, உள்ளே நாடாக்கள். 1951-இல் அதில் 87 துண்டுகள் இருந்தன. அச்சிடும் துண்டுகளுக்கு ஓர் எழுத்து, முக்கோணவியல் துண்டுகளுக்கு வேறோர் எழுத்து என்று வகை பிரித்து எண்ணிட்டு வைத்திருந்தார்கள். வேண்டியதை எடுத்து வந்து தன் நாடாவில் பிரதியெடுத்துக்கொண்டு மூலத்தை இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். இன்றைய காப்பி-பேஸ்டுக்கு இதுதான் கொள்ளுத் தாத்தா.

1952-இல் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கணினியாளர் மாநாட்டில் வீலர் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை கொடுத்தார். நிரல் துண்டை எழுதிச் சோதித்து முடித்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவரும் சுலபமாகப் பயன்படுத்தும்படி அதற்கு விளக்கம் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான வேலை அதுவாகவே இருக்கலாம் என்பது அதில் அவர் சொன்னதன் சாரம். உலகத்தில் கணினிகளை விரல்விட்டு எண்ணிய காலம் அது. இன்றைக்கும் எங்கள் அலுவலகங்களில் டாக்குமென்டேஷன் என்பது வெள்ளிக்கிழமை மாலையில், புதிதாகச் சேர்ந்த பையனிடம் தள்ளிவிடப்படும் வேலை.

அதே பிட்ஸ்பர்க்கில் அரை நூற்றாண்டு கழித்து இந்தக் கவலையை ஆய்வகத்துக்குள் கொண்டுபோனார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிராட் மையர்ஸும் அவருடைய மாணவர் ஜெஃப்ரி ஸ்டைலோஸும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கேள்வி சின்னது: ஒரு மின்னஞ்சலை அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு பொருட்கள் தேவை. ஒன்று கடிதம், இன்னொன்று அதைக் கொண்டுசேர்க்கும் சர்வர். 'அனுப்பு' என்ற கட்டளையை எதனிடம் வைப்பது? கடிதத்திடம் வைத்தால், 'கடிதமே, இந்தச் சர்வர் வழியாகப் போ' என்று எழுதுவோம். சர்வரிடம் வைத்தால், 'சர்வரே, இந்தக் கடிதத்தை அனுப்பு'. உள்ளே நடப்பது இரண்டிலும் ஒன்றுதான். வடிவமைப்பாளர்களைக் கேட்டால் சர்வரிடம் வைப்பதே முறை என்று பலர் சொல்வார்கள். அனுப்புவது சர்வரின் வேலைதானே?

நிரல் எழுதுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். அனுப்ப வேண்டியது கடிதம். ஆகவே முதலில் கடிதத்தைத் தேடுகிறார்கள், உருவாக்குகிறார்கள், பெறுநர், பொருள் எல்லாம் நிரப்புகிறார்கள். பிறகு கடிதத்தின் பெயரை எழுதி ஒரு புள்ளி வைக்கிறார்கள். புள்ளி வைத்ததும் எடிட்டர் ஒரு பட்டியலை விரிக்கும்: இந்தப் பொருளால் என்னென்ன செய்ய முடியும் என்ற பட்டியல். அதில் 'அனுப்பு' இருந்தால் வேலை முடிந்தது. அதுவே, 'எனக்கு ஒரு சர்வரைக் கொடு' என்று அடுத்த அடியையும் காட்டிவிடும். இல்லையென்றால் தேடல் ஆரம்பம். மேலே போகிறார்கள், கீழே வருகிறார்கள், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நினைக்கிறார்கள். சர்வர் என்று ஒரு பொருள் இருப்பதே தெரியாதபோது அதற்குள் போய்ப் பார்க்க எப்படித் தோன்றும்? தொடங்கும் பொருளிலேயே கட்டளை இருந்தபோது வேலை 2.4 முதல் 11.2 மடங்கு வரை வேகமாக முடிந்தது. ஒரே ஒரு கட்டளையை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாற்றியதில் கிடைத்த வித்தியாசம்.

இதற்கு முந்தைய ஆண்டு இதே குழு 'ஃபேக்டரி பேட்டர்ன்' என்ற புகழ்பெற்ற வடிவமைப்பு முறையையும் சோதித்துப் பார்த்திருந்தது. ஒரு பொருளை நேராக உருவாக்காமல், அதை உருவாக்கித் தரும் இன்னொரு பொருளிடம் கேட்டு வாங்கும் முறை. பாடப் புத்தகங்கள் மெச்சுவது. பயன்படுத்துபவர்களுக்கு நேரம் அதிகம் பிடித்தது. இந்த முறையை விளக்கச் சொல்லி இன்டர்வியூவில் கேட்டார்கள், விளக்கினேன், வேலை கிடைத்தது. அதனால் இதற்கு மேல் குறை சொல்ல மனம் வரவில்லை.

வலை வழியாக வேலை வாங்கும் வெப் ஏபிஐ என்பது தாலுகா ஆபீஸ் படிவம் என்றால், அந்த ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்தான் உதவி லைப்ரரி. அவர் எந்தச் சட்டத்தையும் மாற்றுவதில்லை. 'என்ன வேணும்? பட்டா மாறுதலா? பேரு, சர்வே நம்பர் சொல்லுங்க' என்று நம்மிடம் இருப்பதை மட்டும் கேட்பார். மிச்சக் கட்டங்கள் அவருக்குத் தெரியும்.

பைதான் மொழியில் இதற்கு ஒரு கச்சிதமான உதாரணம் உண்டு. 2011 வரை, கடவுச்சொல் கேட்கும் ஒரு வலை முகவரியிலிருந்து தகவல் எடுக்க, மொழியோடு வந்த லைப்ரரியில் இப்படிச் செய்ய வேண்டியிருந்தது. முதலில் கோரிக்கை ஒன்றை உருவாக்கு. பிறகு கடவுச்சொல் மேலாளர் ஒருவரை உருவாக்கு. அவரிடம் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒப்படை. அவற்றுக்கு முன்னால் 'எந்த வட்டாரம்' என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுது. அந்த மேலாளரை அனுமதிக் கையாளுநர் ஒருவரிடம் சேர். கையாளுநரைத் திறப்பான் ஒன்றில் பொருத்து. திறப்பானை நிறுவு. இப்போது முகவரியைத் திற. இத்தனையும் செய்தபின் தகவல் வரும். இதில் ஒரு படியும் தப்பில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே காரணம் இருக்கிறது. ஆபீஸுக்குள் மேசைகள் எந்த வரிசையில் போட்டிருக்கிறதோ அதே வரிசையில் நம்மை நடக்கவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு கென்னத் ரைட்ஸ் என்ற இளைஞர் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற லைப்ரரியை வெளியிட்டார். அதில் இந்த வேலை ஒரு வரி: 'எடு' என்ற கட்டளை, முகவரி, அடைப்புக்குறிக்குள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். மனிதர்களுக்கான ஹெச்டிடிபி (வலையில் கணினிகள் பேசிக்கொள்ளும் முறை) என்று அதற்கு விளம்பர வாசகமும் வைத்தார். குசும்புதான்; அப்படியானால் மற்றது யாருக்கானது? லைப்ரரி காட்டுத்தீயாய்ப் பரவியது. கடைசியில் பைதான் மொழியின் அதிகாரபூர்வ விளக்கக் குறிப்பே, சுலபமாக வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்ஸைப் பாருங்கள் என்று எழுதிவிட்டது.

நூற்றில் தொண்ணூறு பேர் செய்ய நினைக்கும் வேலையை ஒரு வரியில் முடித்ததோடு, மிச்சப் பத்துப் பேருக்கான கதவையும் அது அடைத்துவிடவில்லை. கோரிக்கையின் தலைப்புகளை மாற்ற வேண்டுமா, தொடர்பை நீட்டித்து வைக்க வேண்டுமா, எல்லாம் இருக்கிறது. தேடிப் போனால் கிடைக்கும், தேடாதவர் காலில் இடறாது. ஒரு லைப்ரரியை மதிப்பிட என்னிடம் வேறு அளவுகோல் இல்லை.

ஆனாலும் ரிக்வெஸ்ட்ஸின் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. நடுராத்திரியில் ஓடி, ஒரு சர்வரிடம் விலைப்பட்டியல் வாங்கி வரும் நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் அந்தச் சர்வர் கோரிக்கையை வாங்கிக்கொண்டு பதிலே சொல்லாமல் இருந்துவிட்டது. காலை பத்து மணிக்கு நான் போய்ப் பார்த்தபோதும் என் நிரல் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நாம் சொல்லாவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் காலவரையின்றிக் காத்திருக்கும். நேர வரம்பு கொடுங்கள் என்று விளக்கக் குறிப்பில் வலியுறுத்தியிருக்கிறார்கள்தான். ஒரு வரியில் வேலை முடிகிறது என்று வந்தவன் ஏன் அந்தப் பத்தி வரை படிக்கப்போகிறான்? 'ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும்' என்பதே பெரும்பாலானவர்களுக்கு அந்த லைப்ரரியின் முழு நடத்தை.

இங்கே ஊகம் பொய்த்தபோது நிரல் சத்தமில்லாமல் காத்திருந்தது, அவ்வளவே. இதைவிடப் பொல்லாதது, தப்பான விடையைச் சரியான விடைபோல நீட்டுவது. 2010-இல் ட்விட்டர் தன் பதிவுகளுக்கு எண் கொடுக்கும் முறையை மாற்றியது. ஸ்னோஃப்ளேக் என்று பெயர். 64 பிட் நீளமுள்ள எண்கள். ஜாவாஸ்கிரிப்டோ எண்களைத் தசமப் புள்ளி எண்களாகவே வைத்துக்கொள்ளும். அதனால் 53 பிட்டுக்கு மேல் முழு எண்களைத் துல்லியமாகச் சொல்ல அதற்கு வராது. எல்லை 9007199254740992, அதாவது சுமார் 9,007 லட்சம் கோடி. அதைத் தாண்டிய எண்ணை வாங்கினால் கடைசி இலக்கங்களைப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குத் தள்ளி வைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு பதிவைக் கேட்டால் வேறொரு பதிவு வரும், அல்லது எதுவுமே வராது. ஆகவே ட்விட்டர் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை அனுப்பத் தொடங்கியது: எண்ணாக ஒருமுறை, மேற்கோள் குறிக்குள் எழுத்துகளாக ஒருமுறை. இரண்டாவதைப் பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிவுரையும். ரேஷன் கார்டு எண்ணை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. அது எண் வேடம் போட்ட பெயர். பெயரைப் பெயராகவே அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

பணம் விஷயத்தில் இது நேர் எதிராகத் திரும்பும். 500 ரூபாய் வசூலிக்க வேண்டும் என்றால், ஸ்ட்ரைப், ரேசர்பே போன்ற பணப்பரிமாற்ற ஏபிஐகளிடம் 50000 என்று சொல்ல வேண்டும். கணக்கு பைசாவில். தசமப் புள்ளி போட்ட எண்களைக் கணினியிடம் நம்பி ஒப்படைக்க முடியாது என்பதே காரணம்; 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை சொல்லும் இயந்திரம் அது. முடிவு நியாயமானது. ஆனால் அந்தக் கட்டத்தின் பெயர் வெறுமனே 'தொகை'. முதல் தடவை எல்லோரும் 500 என்றுதான் எழுதுவார்கள். ஐந்து ரூபாய்க்குப் புடவை விற்றுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். 'தொகை பைசாவில்' என்று பெயரிலேயே வைத்திருந்தால் விளக்கக் குறிப்பு எதற்கு?

அதே ஸ்ட்ரைப் ஏபிஐயில் ஓர் ஏற்பாட்டைக் கண்டு நான் எழுந்து நின்று சலாம் போட்டிருக்கிறேன். கடையில் பணம் கட்டுகிறீர்கள், போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிக்னல் போய்விட்டது. பணம் போயிற்றா, இல்லையா? மறுபடி அழுத்தினால் இரண்டு முறை போய்விடுமோ? நிரலுக்கும் இதே தர்மசங்கடம்தான். கோரிக்கை போகும் வழியில் தொலைந்ததா, போய்ச் சேர்ந்து பதில் வரும் வழியில் தொலைந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியே இல்லை. ஸ்ட்ரைப் சொன்ன யோசனை: ஒவ்வொரு வசூலுக்கும் நீயே ஒரு தனி அடையாளக் குறியீட்டைப் போட்டு அனுப்பு. பதில் வராவிட்டால் அதே குறியீட்டோடு திரும்ப அனுப்பு. அந்தக் குறியீட்டை நாங்கள் முன்பே பார்த்திருந்தால் மறுபடி வசூலிக்க மாட்டோம். அன்று சொல்ல வேண்டிய பதிலையே திரும்பச் சொல்வோம். இதற்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு கணிதப் பெயர் உண்டு. நம் வீட்டில் மொய் எழுதுபவர் பெயரைப் பார்த்துவிட்டு 'உங்களுது எழுதியாச்சுங்க' என்று சொல்வது அதேதான். அவர்களே தரும் உதவி லைப்ரரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மறு முயற்சி செய்யும்படி அமைத்துவிட்டால் இந்தக் குறியீட்டைத் தாமே போட்டுக்கொள்ளும். பயன்படுத்துபவருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருந்ததே தெரியாது.

பெயர்களைப் பற்றிச் சொன்னேன். 1996-இல் வெளியான ஹெச்டிடிபி 1.0 ஆவணத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாய் என்று சொல்லும் 'ரெஃபரர்' என்ற தலைப்பின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் 'ஆர்' குறைந்துபோனது. யாரும் திருத்தவில்லை, திருத்த முடியாத இடத்துக்குப் போய்விட்டது. பின்னால் வந்த ரெஃபரர்-பாலிசி என்ற இன்னொரு தலைப்பைச் சரியாக எழுதினார்கள். இப்போது இரண்டும் உலாவுகின்றன. எதில் எத்தனை 'ஆர்' என்பது நினைவாற்றல் சோதனை. பிஎச்பி மொழியில் ஒரு சொல்லை வரிக்குள் தேடும் கட்டளைக்கு வைக்கோல்போரை முதலில் கொடுத்து ஊசியைப் பிறகு கொடுக்க வேண்டும். பட்டியலுக்குள் தேடும் கட்டளைக்கு ஊசி முதலில், வைக்கோல்போர் பிறகு. இருபது வருடமாகப் பிஎச்பி எழுதுபவர்கள்கூட ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் 2013-இல் சொன்ன தகவல் இன்னும் வேடிக்கை. ஆரம்ப காலத்தில் கட்டளைகளை அவற்றின் பெயர் நீளத்தைக் கொண்டே வகைப்படுத்தி வைத்திருந்தாராம். எல்லாம் ஒரே நீளத்தில் குவியாமல் இருக்கப் பெயர்களை வெவ்வேறு நீளத்தில் வைத்தாராம். மறுபடியும் உள்ளே இருந்தவரின் வசதிதான்.

பிழைச் செய்திகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 'தவறான கோரிக்கை' என்று திருப்பியனுப்பும் ஏபிஐயும், 'தொகை முழு எண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியது 500.00' என்று சொல்லும் ஏபிஐயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதை நாடுவீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் மன்னிக்க முடியாது. வலையில் 200 என்ற எண்ணுக்கு 'எல்லாம் நலம்' என்று பொருள். 404 என்றால் இல்லை. 429 என்றால் அடிக்கடி கேட்கிறாய். சில ஏபிஐகள் மேலே 200 போட்டுவிட்டு உள்ளே 'பிழை' என்று எழுதி அனுப்பும். மஞ்சள் தடவிய உறைக்குள் இழவுச் செய்தி.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் ஒன்றையும் திருத்துவதில்லை என்று கேட்கலாம். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதன் கோப்பில் சில வரிகள் டாப் எழுத்தில் தொடங்க வேண்டும், இடைவெளிகள் ஆகாது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் அதில் மாட்டாதவர் இல்லை. அது தப்பு என்று அவருக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக, அதற்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லாம் டாப் அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

வெளியிட்ட பிறகு ஏபிஐ நம் கையில் இல்லை. கூகுளில் பணியாற்றிய பொறியாளர் ஹைரம் ரைட் பெயரால் வழங்கும் விதி ஒன்று இதைச் சொல்கிறது: பயன்படுத்துபவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் வாக்குக் கொடுத்தது என்ன என்பது பொருட்டே இல்லை, வெளியில் தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். உங்கள் பிழைச் செய்தியின் வாசகத்தைக்கூட. கோ மொழியை உருவாக்கியவர்கள் இதற்கு முன்கூட்டியே ஒரு தடுப்பூசி போட்டார்கள். அதன் மேப் வகைப் பட்டியலை வரிசையாகச் சுற்றிவந்தால் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே வரிசையைக் கலைத்துக் கொடுக்கும். வரிசை நிலையானது என்று ஒருவரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கலைப்பு. ஸ்ட்ரைப் வேறு வழியில் போனது. அதன் பதிப்புகளின் பெயர் தேதியில் தொடங்கும். நீங்கள் முதன்முதலில் வந்த நாளில் எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ அதுவே உங்கள் கணக்குக்கு என்று பிணைத்துவிடுவார்கள். நீங்களாக மாறச் சொல்லும்வரை பழைய வடிவத்திலேயே பதில் வரும். இதற்காக உள்ளே எத்தனை பழைய வடிவங்களைச் சுமக்கிறார்கள் என்பது அவர்கள் தலைவலி. அப்படி ஒரு தலைவலியை உள்ளே வைத்துக்கொள்ள ஒத்துக்கொள்வதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

ஜாவாஸ்கிரிப்டுக்கும் டெம்போரல் என்ற புதிய தேதி ஏற்பாடு உலாவிகளில் வரத் தொடங்கியிருக்கிறது. அதில் ஜனவரியின் எண் 1. பிப்ரவரி 31 என்று கேட்டால், கண்டிப்பாக இருக்கச் சொல்லியிருந்தால், பிழை என்று சொல்லும். சொல்லாவிட்டால் பிப்ரவரியின் கடைசி நாளிலேயே நின்றுகொள்ளும், மார்ச்சுக்கு ஓடாது. பழையதை யாரும் எடுக்கப்போவதில்லை; அதை நம்பி எழுதிய பக்கங்கள் எண்ணிக்கையில் அடங்காதவை.

அந்த மண்டபத்தின் பக்கமும் அவற்றில் ஒன்று. மாதத்தில் ஒன்றைக் கழிக்கும் வரியை அன்று சேர்த்தேன். அச்சிடும்போது ஒன்றைக் கூட்டும் வரியையும். முதலாவதன் மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: 'இந்த வரி தப்புபோலத் தெரியும். தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.'